ஸோன் பிளாக்கிங்குக்கு ஏற்ற அஃபென்சிவ் லைனைக் கட்டுவது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களின் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். நானும் முதல் இரண்டு சீசன் அப்படித்தான் பார்த்தேன். குவார்ட்டர்பேக் எறிவார், யாரோ பாய்ந்து பிடிப்பார், கைதட்டுவேன். நடுவில் பத்துப் பேர் எதற்காக முட்டி மோதுகிறார்கள் என்று யோசித்ததே இல்லை. நான் ஆதரித்த அணி தொடர்ந்து தோற்றபோதுதான் "லைன் சரியில்லை" என்ற பேச்சு காதில் விழுந்தது. அப்புறம் பந்தை விட்டுவிட்டு அந்த ஐந்து பேரைப் பார்க்கத் தொடங்கினேன். ஆட்டமே வேறாகத் தெரிந்தது.

அந்த ஐந்து பேர்தான் அஃபென்சிவ் லைன். நடுவில் நிற்பவர் சென்டர். கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர். அவருக்கு இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள். பந்தோடு ஓடுவதும் பாஸ் பிடிப்பதும் இவர்கள் வேலை இல்லை. தடுப்பதுதான் வேலை.

ஓர் அணியின் லைனைக் கலைத்து, ஸோன் பிளாக்கிங் என்ற முறைக்கு ஏற்றபடி திரும்பக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது? பொது மேலாளர் நாற்காலியில் உங்களையே உட்காரவைத்துச் சொல்கிறேன். வீடியோ கேமில் அணி நடத்துகிறவர்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் முறை, பிறகுதான் ஆள்

நல்ல ஆட்களாகப் பார்த்து ஐந்து பேரை வாங்கிவிட்டால் நல்ல லைன் வந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். வராது. ஒரு முறையில் கொடிகட்டிப் பறந்தவர் இன்னொரு முறையில் தடுமாறுவார். அதனால் ஆள் தேடுவதற்கு முன் எந்த முறையில் ஓடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.

ஓட்டத்துக்கு வழிவிடும் முறைகளில் பெரிய குடும்பங்கள் இரண்டு. ஒன்று கேப் முறை. எந்த இடைவெளியில் ஓடுவது என்பது முன்பே முடிவாகிவிடும். அந்த இடைவெளியைத் திறப்பதற்கு ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட ஓர் ஆளோ இடமோ ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கத்துக் கார்டு தன் இடத்தை விட்டு விலகி, லைனுக்குப் பின்னாலேயே ஓடி, மறுபக்கம் போய் முட்டுவார். இதைப் புல் செய்வது என்பார்கள். 1980-களில் ஜோ கிப்ஸ் பயிற்சியளித்த வாஷிங்டன் அணியின் லைனுக்கு 'ஹாக்ஸ்', அதாவது பன்றிகள், என்றே செல்லப்பெயர். கார்டும் டேக்கிளும் சேர்ந்து மறுபக்கம் புல் செய்துவரும் கவுண்டர் ஆட்டம் அவர்களுடைய அடையாளம். எதிரில் நின்றவர்களுக்கு அது லாரி வருவது போலத்தான் இருந்திருக்கும்.

இன்னொன்று ஸோன் முறை. இதில் லைன்மேனுக்கு ஆளை ஒதுக்குவதில்லை, பரப்பை ஒதுக்குகிறார்கள். வலப்பக்கம் ஓட்டம் என்றால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வலப்பக்கம் அடி எடுத்துவைக்கிறார்கள். தன் பரப்புக்குள் யார் வந்தாலும் அவரைத் தடுக்கவேண்டும். கபடியில் கைகோத்து நிற்கும் சங்கிலியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முந்தினாலும் ஒருவர் பிந்தினாலும் சங்கிலி அறுந்துவிடும்.

இந்த முறையின் அழகு இனிமேல்தான் இருக்கிறது. உங்கள் டேக்கிள் எதிராளியின் வெளித்தோளைத் தாண்டிப் போய் அவரை உள்ளே அடைத்துவிட்டால், ரன்னிங் பேக், அதாவது பந்தோடு ஓடுகிறவர், வெளியே சுற்றிக்கொண்டு ஓடுவார். எதிராளி விடாமல் வெளிப்பக்கமே ஓடுகிறாரா? நல்லது, அவரை அவர் போகும் திசையிலேயே இன்னும் தள்ளிவிடுங்கள். உள்ளே வழி திறக்கும், ரன்னிங் பேக் ஒரே திருப்பத்தில் அதற்குள் புகுந்துவிடுவார். எதிராளி எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது அவருக்குத் தப்பாகிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். அதனால் இதில் எதிராளியை மல்லாக்கத் தள்ளும் முரட்டு பலத்தைவிட, அவரோடு ஒட்டிக்கொண்டே பக்கவாட்டில் ஓடும் கால்கள்தான் முக்கியம்.

இதை ஒரு கலையாகவே ஆக்கியவர் அலெக்ஸ் கிப்ஸ். (ஜோ கிப்ஸ் வேறு, இவர் வேறு, புதியவர்கள் குழம்புவார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.) 1995-இல் மைக் ஷனகன் டென்வர் பிராங்கோஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது லைனைக் கவனிக்க இவரும் வந்தார். அந்த அணி 1997, 1998 சீசன்களின் சூப்பர் போல்களை, அதாவது இறுதிப் போட்டிகளை, வென்றது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆறாம் சுற்றில் எடுத்த டெரல் டேவிஸ் 1998-இல் 2008 யார்டு ஓடினார். அவர் காயப்பட்ட பிறகு, 1999-இல் ஒலாண்டிஸ் கேரி 1159 யார்டு, 2000-இல் மைக் ஆண்டர்சன் 1487 யார்டு. ஓடுகிறவர் மாறிக்கொண்டே இருந்தார், யார்டுகள் வந்துகொண்டே இருந்தன. காரணம் முன்னால் நின்ற ஐவர் என்று என்.எஃப்.எல். லீக் முழுவதும் பேசியது.

சரி, அப்படியானால் எல்லாரும் ஸோனுக்கே போகலாமே என்றால், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்களிடம் ஏற்கெனவே 145 கிலோவில் இரண்டு முரட்டு கார்டுகள் ஒப்பந்தத்தில் இருந்தால், அவர்களை வைத்துக் கேப் முறையில் ஓடுவதுதான் புத்திசாலித்தனம். தலைமைப் பயிற்சியாளருக்கோ லைன் பயிற்சியாளருக்கோ ஸோன் முறை ரத்தத்தில் ஊறியிருக்கவேண்டும். ஊறாதவரை வைத்துக்கொண்டு மாறுவது பணத்துக்கும் கேடு, காலத்துக்கும் கேடு.

கையில் இருப்பவர்களைக் கணக்கெடுங்கள்

அடுத்தது கணக்கெடுப்பு. கடந்த சீசனின் ஆட்டக் காட்சிகளைப் போட்டு, ஒவ்வொரு லைன்மேனையும் தனியாகப் பாருங்கள். யார் எத்தனை பேரை மல்லாக்க விழவைத்தார் என்று எண்ணாதீர்கள். மூன்று கேள்விகள் போதும். முதல் அடியை வைத்ததும் இடுப்பு நிமிர்ந்துவிடுகிறதா, தாழ்ந்தே இருக்கிறதா? முதல் ஆளைத் தொட்டுவிட்டு, இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கரை எட்டிப் பிடிக்க முடிகிறதா? ஓர் ஓட்டம் முடியும்வரை ஓடிக்கொண்டிருக்கிறாரா, நின்று வேடிக்கை பார்க்கிறாரா?

கிரீன் பே பேக்கர்ஸ் அணி 2006-இல் செய்தது நல்ல பாடம். அதற்குமுன் அது கார்டுகள் புல் செய்யும் ஓட்டத்துக்குப் பேர்போன அணி. 2003-இல் அமான் கிரீன் 1883 யார்டு ஓடியது அப்படித்தான். 2005-இல் இரண்டு கார்டுகளும், மைக் வாலும் மார்கோ ரிவேராவும், வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். அந்த ஆண்டு நான்கே வெற்றி, பன்னிரண்டு தோல்வி. புதிதாக வந்த தலைமைப் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தி, அட்லாண்டாவில் ஸோன் முறையில் லைனை நடத்திய ஜெஃப் ஜாகட்சின்ஸ்கியை அழைத்துக்கொண்டார்.

அவர்கள் எல்லாவற்றையும் இடிக்கவில்லை. இரு ஓரத்தில் இருந்த டேக்கிள்கள், சாட் கிளிஃப்டனும் மார்க் டவுஷரும், அப்படியே இருந்தார்கள். மாற்றம் எல்லாம் உள்ளே இருந்த மூன்று இடங்களில். 2004-இல் ஏழாம் சுற்றில் எடுத்த ஸ்காட் வெல்ஸ் சென்டர் ஆனார். அந்த ஆண்டு டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் டேரின் காலேஜ், மூன்றாம் சுற்றில் ஜேசன் ஸ்பிட்ஸ், ஐந்தாம் சுற்றில் டோனி மோல். காலேஜ் கல்லூரியில் டேக்கிளாக ஆடியவர், மோல் டைட் எண்டாக (லைனின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) இருந்து லைனுக்கு வந்தவர். பொறுக்கியெடுத்த ஆட்களைப் பார்த்தாலே தெரிகிறது, கால்களைத்தான் தேடினார்கள்.

சென்டரிலிருந்து தொடங்குங்கள்

லெஃப்ட் டேக்கிளுக்குத்தான் எல்லாரும் முதலில் பணம் கொட்டுவார்கள். வலக்கை குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காப்பவர் அவர் என்பதால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஸோனுக்கு மாறும்போது நான் முதலில் சென்டரைத்தான் தேடுவேன்.

ஏன் என்றால், வலப்பக்க ஓட்டத்தில் சென்டர் ஒரு கையால் பந்தைப் பின்னால் கொடுத்துக்கொண்டே, தன் வலத்தோளுக்கு வெளியே நிற்கும் 140 கிலோ ஆளைச் சுற்றிக்கொண்டு முன்னால் போகவேண்டும். அது முடியாவிட்டால் ஓட்டம் தொடங்கிய இடத்திலேயே செத்துவிடும். போதாததற்கு, எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து மற்ற நால்வருக்கும் கத்திச் சொல்வதும் அவர்தான். டென்வரின் டாம் நேலன் 1994-இல் ஏழாம் சுற்றில் வந்தவர். எடையில் 300 பவுண்டைத் தொடாத சென்டர். 2007 வரை அதே அணியில் ஆடினார், லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புரோ போலுக்கு ஐந்து முறை தேர்வானார்.

இன்னொரு பெயர் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்: ஜேசன் கெல்சி. கல்லூரிக்குள் ரன்னிங் பேக்காகவும் லைன்பேக்கராகவும் நுழைந்து, பிறகு லைனுக்கு மாறியவர். 2011 டிராஃப்டுக்கு வரும்போது சுமார் 127 கிலோதான். இந்த எடையில் என்ன செய்வார் என்று பல அணிகள் ஒதுக்கின. அந்த ஆண்டுதான் ஃபிலடெல்பியாவுக்கு ஹோவர்ட் மட் லைன் பயிற்சியாளராக வந்திருந்தார். சிறிய, வேகமான லைன்மேன்கள்தான் அவருக்கு வேண்டும். ஆறாம் சுற்றில் எடுத்த கெல்சி முதல் ஆண்டிலேயே பதினாறு ஆட்டங்களிலும் தொடக்க சென்டர். மற்றவர்களுக்குக் குறையாகத் தெரிந்தது மட்டின் முறைக்குத் தேவையாக இருந்தது.

கார்டும் டேக்கிளும்: எந்த எண்ணைப் பார்ப்பது

டிராஃப்டுக்கு முன் நடக்கும் கம்பைன் சோதனையில் எண்களை அள்ளிக் கொட்டுவார்கள். 225 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்கினார் என்பதைத் தொலைக்காட்சியில் ஆரவாரமாகக் காட்டுவார்கள். ஸோன் லைனுக்கு அதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். 40 யார்டு ஓட்டத்திலும் முழு நேரம் வேண்டாம். முதல் பத்து யார்டைக் கடக்க எடுத்த நேரம் போதும். லைன்மேன் நாற்பது யார்டு நேராக ஓடுகிற நாள் வருடத்தில் ஒன்றிரண்டு வரும். பக்கவாட்டில் ஓடித் திரும்பும் ஷட்டில் சோதனையையும், மூன்று கூம்புகளைச் சுற்றி ஓடும் சோதனையையும் முன்னால் வையுங்கள். டேக்கிளுக்கு மட்டும் கை நீளம். 34 அங்குலம் என்பது தேர்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. அதற்கு ஒன்றிரண்டு அங்குலம் குறைந்தவரைக் கார்டாக மாற்றிப் பாருங்கள்.

எடை குறைந்தவரே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவேண்டாம். சான் ஃபிரான்சிஸ்கோவின் டிரென்ட் வில்லியம்ஸ் சுமார் 145 கிலோ. ஆனால் அவர் வெளிப்பக்கம் பாய்ந்து ஓடிப்போய் எதிரணியின் பின்வரிசை ஆளை முட்டும் காட்சியைப் பார்த்தால் எடை என்ற பேச்சே எழாது. கேள்வி எடை எவ்வளவு என்பதல்ல, அந்த எடையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு வேகமாக நகர்கிறார் என்பதுதான்.

எங்கே வாங்குவது

டிராஃப்டின் பின்சுற்றுகள் இந்த முறைக்கு நல்ல சந்தை. பெரிய ஆட்களை எல்லாரும் முன்சுற்றுகளில் அள்ளிக்கொள்வார்கள். கொஞ்சம் சிறியவர்கள், டைட் எண்டாகவோ மல்யுத்த வீரராகவோ இருந்து மாறியவர்கள் மீதம் இருப்பார்கள். இரண்டாவது வழி, இதே முறையில் ஏற்கெனவே ஆடியவரைப் பிடிப்பது. டென்வரில் ஷனகனுக்குக் கீழ் இருந்த கேரி கூபியாக் 2006-இல் ஹூஸ்டனின் பயிற்சியாளர் ஆனார். 2008-இல் சென்டர் கிறிஸ் மயர்ஸ் டென்வரிலிருந்து அங்கே வந்தார். அலெக்ஸ் கிப்ஸும் அதே ஆண்டு வந்து சேர்ந்தார். 2010-இல், டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத ஏரியன் ஃபாஸ்டர் 1616 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். டிரென்ட் வில்லியம்ஸ் கதையும் இதேதான். அவரை 2010-இல் வாஷிங்டனுக்கு எடுத்தவர் மைக் ஷனகன். பத்து ஆண்டு கழித்துச் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வாங்கியவர் மைக்கின் மகன், அந்த அணியின் பயிற்சியாளர் கைல். பாடத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய வேலையே இல்லை.

மார்ச் நடுவில் ஃப்ரீ ஏஜென்சி, அதாவது ஒப்பந்தம் முடிந்தவர்களை வாங்கும் காலம், திறக்கிறது, ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட். சம்பள வரம்பு இருப்பதால் ஐந்து இடத்துக்கும் பெரிய விலை கொடுக்க முடியாது. ஓர் அனுபவசாலி டேக்கிளுக்குச் செலவழித்துவிட்டு உள்ளிடங்களை டிராஃப்டில் நிரப்புவது என் கணக்கு.

ஓடுகிறவரை மறந்துவிடாதீர்கள்

லைனைப் பார்த்துப் பார்த்துக் கட்டிவிட்டு, ரன்னிங் பேக்கைக் கேட்காமல் விட்டுவிடும் அணிகள் உண்டு. ஸோனில் ஓடுகிறவர் பொறுமையாக வெளிப்பக்கம் போகவேண்டும், வழி திறந்ததும் ஒரே ஒரு திருப்பம், பிறகு நேராக முன்னால். நடனம் ஆடினால் வழி மூடிக்கொள்ளும். ஓக்லண்டின் டேரன் மெக்ஃபாடன் 2011-இல் ஓட்டத்துக்குச் சராசரியாக 5.4 யார்டு எடுத்தவர். 2012-இல் அணி ஸோனுக்கு மாறியது. அவருடைய சராசரி 3.3 ஆக விழுந்தது. வேகம் எங்கும் போகவில்லை. முன்கூட்டியே தெரிந்த இடைவெளியில் பாய்கிறவரிடம், ஓடிக்கொண்டே வழியைத் தேடச் சொன்னார்கள்.

பயிற்சி: அடி, பேச்சு, மறுபடியும் அடி

முதல் வாரம் பந்தே வேண்டாம். முதல் அடி மட்டும். ஓடும் பக்கத்துக் காலைப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னிழுத்த மாதிரி வைக்கவேண்டும். ஐந்து பேரின் கால்களும் ஒரே சத்தம் எழுப்பும்வரை அதையே செய்யவையுங்கள். அலுப்பாக இருக்கும், இருக்கட்டும்.

அடுத்து ஒரே ஒரு கேள்வியைப் பழக்குங்கள்: "எனக்கு நேரே ஆள் இருக்கிறாரா?" இருந்தால் அவருடைய வெளித்தோளைப் பிடி. இல்லையென்றால் ஓடும் பக்கத்துப் பக்கத்துக்காரனுக்கு உதவிவிட்டு, லைன்பேக்கரை நோக்கி ஏறு. இருவர் சேர்ந்து ஒருவரைப் பிடித்திருக்கும்போது, எவர் ஏறுவது எவர் தங்குவது என்று முன்பே முடிவு செய்வதில்லை. பிடிபட்டவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அதைப் பொறுத்து மற்றவர் கிளம்பவேண்டும். அரை நொடி முன்னால் கிளம்பினால் பிடிபட்டவர் நழுவிவிடுவார். பின்னால் கிளம்பினால் லைன்பேக்கர் வந்து ரன்னிங் பேக்கைச் சாய்த்துவிடுவார். இந்த அரை நொடியை ஒருவருக்குத் தனியாகச் சொல்லித்தர முடியாது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவர் நூற்றுக்கணக்கான முறை சேர்ந்து செய்துதான் அது வரும். அதனால் ஆட்களை வாரம் ஒரு முறை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். ஜோடியைக் கெடுக்காதீர்கள்.

நேரமும் கைவசம் குறைவு. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் 2011-இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு முழுக் கவசத்தோடு மோதும் பயிற்சிக்கு, சீசன் முழுக்கச் சேர்த்தே 14 நாள்தான். ஆகவே ஆட்டவகைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்க ஸோன், உட்பக்க ஸோன், இவை இரண்டையும் போலவே தொடங்கி குவார்ட்டர்பேக் எதிர்ப்பக்கம் உருண்டோடி எறியும் பூட்லெக் பாஸ். முதல் ஆண்டுக்கு இவை போதும். பூட்லெக்கை விட்டுவிடாதீர்கள். எதிரணி மொத்தமும் ஓட்டத்தின் பக்கம் சாய்ந்து ஓடினால், அதற்கான தண்டனை அதுதான்.

பழைய டென்வர் காட்சிகளைப் பார்த்து ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள். ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் எதிராளியின் கால்களை நோக்கிப் பாய்ந்து வீழ்த்தும் கட் பிளாக் அவர்களுடைய ஆயுதம். அதற்காக நிறையத் திட்டும் வாங்கினார்கள். ஒருவர் மேலே பிடித்திருக்க இன்னொருவர் காலில் பாயும் சாப் பிளாக்கை 2016-இல் லீக் முழுவதுமாகத் தடை செய்துவிட்டது. முழங்கால்கள் தப்பின என்ற வகையில் எனக்கு அதில் வருத்தம் இல்லை.

எட்டுப் பேர், ஐந்து பேர் அல்ல

காயம் வரும். 2020 முதல், எட்டு அஃபென்சிவ் லைன்மேன்களைச் சேர்த்துக்கொண்டால் ஆட்ட நாளில் 48 பேரைக் களத்துக்குக் கொண்டுவர விதி அனுமதிக்கிறது. மாற்று ஆட்களில் ஒருவர் சென்டரும் கார்டும் ஆடத் தெரிந்தவராக இருக்கட்டும். அவரும் அதே முதல் அடியைப் பழகியவராக இருக்கவேண்டும். வெளியிலிருந்து அவசரத்துக்கு ஆள் பிடித்தால் சங்கிலி அங்கேதான் அறும்.

இந்த வகை லைனுக்கு ஒரு நிரந்தரப் பலவீனமும் உண்டு. சென்டருக்கு நேரே ஒரு மலையை நிறுத்திவைக்கும் அணி வந்தால், பாஸ் எறியும் நேரத்தில் சிறிய சென்டர் குவார்ட்டர்பேக் மடியிலேயே போய் விழுவார். ஒரு கார்டை அவர் பக்கம் சாய்த்து உதவிக்கு வையுங்கள். பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில், மூன்றாம் முயற்சியிலும் பத்து யார்டு தேவைப்படும் நிலைக்கு அடிக்கடி போகாமலிருப்பது அதைவிட நல்ல வைத்தியம்.

எப்போது பலன் தெரியும்

முதல் நான்கு ஆட்டங்களில் தெரியாது. ஓட்டத்தின் சராசரியைப் பார்த்துப் பதறாதீர்கள். எத்தனை ஓட்டங்கள் தொடங்கிய இடத்துக்குப் பின்னாலேயே முடிந்தன என்று மட்டும் எண்ணிவாருங்கள். அந்த எண் மாதத்துக்கு மாதம் குறைகிறது என்றால் ஜோடிகள் பழகுகின்றன என்று அர்த்தம். இரண்டாம் வரிசை லைன்பேக்கர்களை எத்தனை முறை எட்டினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிரீன் பேயின் புதிய லைன் 2006 செப்டம்பர் 10 அன்று சொந்த மைதானத்தில் சிகாகோவிடம் 26-0 என்று தோற்றுத்தான் தொடங்கியது. அதன் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வ் தன் வாழ்க்கையில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்ற முதல் ஆட்டம் அது. புதுமுகங்களை அவர்கள் தூக்கி எறியவில்லை. சீசனின் கடைசி நான்கு ஆட்டங்களையும் வென்றார்கள்; கடைசி ஆட்டம் அதே சிகாகோவோடு, 26-7. மறு ஆண்டு 13 வெற்றி. 2011 பிப்ரவரியில் சூப்பர் போலை வென்றபோதும் லெஃப்ட் டேக்கிள் கிளிஃப்டன், லெஃப்ட் கார்ட் காலேஜ், சென்டர் வெல்ஸ் மூவரும் 2006-இல் பக்கத்துப் பக்கத்தில் நின்ற அதே வரிசையில் நின்றார்கள்.